சுவரில் ஒட்டிய கண்ணாடி

டீச்சரம்மா போடுகிற டீயில் எப்போதும் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அதைக் குடித்துவிட்டுத்தான் தினமும் குழியில் இறங்குவேன். எனக்கு அந்த வீட்டின் மேல் ஒரு கோபமும் கிடையாது ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இரும்புக்கடைக்காரர் பழைய வீட்டை இடித்துவிட்டு, நிலத்துக்குக் கீழே சரக்கு அறை வைத்துப் புதிதாகக் கட்ட நினைத்தார். அந்தப் பக்கம் டீச்சரம்மாவும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் வீட்டுக்காரரும். குழி தோண்டினால் சுவர் போய்விடும் என்று டீச்சரம்மா வழக்குப் போட்டார். வருஷக்கணக்கில் இழுத்தது. ஒருவர் வாசலுக்கு வந்தால் இன்னொருவர் கதவைப் படாரென்று சாத்துவார்.

கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு இன்ஜினியர் வந்து பேசி முடித்தார். சுவரில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரு முனையிலும் சாந்து அப்பி, காய்வதற்குள் ஆணியால் தேதி கீறினார்.

"சுவர் நூலளவு அசைஞ்சாலும் இது உடைஞ்சிடும். உடைஞ்சா அன்னைக்கே வேலைய நிறுத்தணும். சம்மதமா?"

இருவரும் தலையாட்டினார்கள். காலையில் முதல் ஆளாக வந்து கண்ணாடியைப் பார்த்து இருவருக்கும் சொல்வது என் பொறுப்பானது. அதுவரை எந்த வேலையிடத்திலும் எனக்கு "டேய்"தான் பெயர். இங்கே டீச்சரம்மா "தம்பி" என்றார். கடைக்காரர் "அண்ணே" என்றார்.

கண்ணாடி முழுசாக இருந்த ஒவ்வொரு நாளும் அவர்களுக்குள் பேச்சு கூடிக்கொண்டே போனது.

"டீச்சர், உங்க வீட்டுச் சுவரும் உங்கள மாதிரிதான், என்ன பண்ணாலும் அசைய மாட்டேங்குது."

"உங்க வாய்தான் நிக்காம ஆடிக்கிட்டே இருக்கே, அது போதாதா?"

சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் சார், அதாவது டீச்சரம்மா வீட்டுக்காரர், வாய் கோணச் சிரிப்பார். "கடப்பாரைச் சத்தம் கேட்டாத்தான் தம்பி எனக்குப் பொழுது போகுது" என்பார்.

மழை பெய்த மறுநாள் காலை பார்த்தேன். கண்ணாடியின் நடுவில் முடி போல ஒரு கீறல்.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை நிற்கும், வழக்கு திரும்பும், கதவுகள் சாத்திக்கொள்ளும். இன்ஜினியர் விட்டுப்போன மிச்சப் பட்டையில் ஒன்றை எடுத்து, புதுச் சாந்து அப்பி ஒட்டினேன். எழுத்து எனக்கு வயதான பிறகு வந்தது. இன்னமும் எழுதுவதில்லை, பார்த்து வரைவதுதான். அதனால் இன்ஜினியர் கீறிய தேதியை அப்படியே வரைய முடிந்தது. வாரம் ஒருமுறை வருகிறவர் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று போனார்.

பிறகு அடிக்கடி உடைந்தது. அடிக்கடி மாற்றினேன்.

ஒருநாள் டீச்சரம்மா டம்ளரை நீட்டியபடி கேட்டார். "தம்பி, உள்ள சுண்ணாம்பு உதிருது. இவர் கட்டில அடுத்த ரூமுக்கு மாத்திடட்டுமா?"

"எதுக்கும்மா? கண்ணாடி முழுசாத்தான இருக்கு. கட்டில மாத்தினா, நம்மள நம்பலையேன்னு கடைக்காரர் மனசு கஷ்டப்படும்."

"அதுவும் சரிதான்" என்று உள்ளே போய்விட்டார்.

கடைசி நாள் காலை நான் மாற்றிய கண்ணாடி, ஒட்டிய சாந்து இறுகியதுமே மறுபடி உடைந்தது. குழியில் இருந்தவர்களைப் பார்த்து, "மேல போய் டீ குடிச்சிட்டு வாங்கப்பா" என்றேன். எல்லோரும் ஏறினார்கள். நானும் ஏறினேன். சாரைத் தூக்கி வெளியே கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். இவ்வளவு நாள் பொய் சொன்னாயா என்பார்கள். தெருவிலேயே நின்றேன். சுவரின் அடி குழிக்குள் நழுவ, மேல்பாதி கூரையோடு கட்டில் மேல் இறங்கியது. டீச்சரம்மா அடுப்படியில் இருந்தார். எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

நான்தான் முதலில் ஓடினேன். கையாலேயே மண்ணை வாரினேன். எல்லோரும் பார்த்தார்கள்.

கடைக்காரர் டீச்சரம்மாவின் காலில் விழுந்து அழுதார். டீச்சரம்மாதான் அவரைத் தூக்கி நிறுத்தினார். "கண்ணாடி உடையவே இல்லையே, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். என் பக்கம் திரும்பி, "இல்லையா தம்பி?" என்று கேட்டார். துக்கத்தில் இருக்கிறவரிடம் வேறு என்ன சொல்வது? "ஆமாம்மா" என்றேன்.

இன்ஜினியரை நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் பாவம், ஒன்றும் அறியாதவர். செய்தது நான். சுவர் வரும் என்று தெரிந்தேதான் சாரை அதன் கீழே விட்டேன்.

டீச்சரம்மா இப்போது கடைக்காரர் குடும்பம் குடியிருக்கிற வாடகை வீட்டில்தான் இருக்கிறார். அவர்கள் வீட்டுப் பெண்ணைப் போல வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரே ஒரு உதவி கேட்கிறேன் ஐயா. நான் சொன்னதை அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். மறுபடியும் சண்டை வந்துவிடும்.