கமிட்டிக் குமிழ்

காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பன்னிரண்டு பேரை நலம் விசாரித்துவிடுவது என் வழக்கம். விசாரிக்கப்படுவது அவர்களுக்குத் தெரியாது. போனில் அவரவர் பக்கத்தைத் திறந்து, நேற்று என்ன பாடினார்கள், எங்கே போனார்கள், யாருக்குக் கல்யாண நாள் என்று பார்ப்பேன். எட்டு வருஷத்துக்கு முன் உங்கள் தொலைக்காட்சியில் நடந்த பாட்டுப் போட்டியில் மேடை ஏறிய பன்னிரண்டு பேர். அதில் ஏழு பேர் பிறகு யூடியூப் சேனல் ஆரம்பித்தார்கள். ஏழு சேனலிலும் இரண்டாவதாகச் சேர்ந்தவன் நான். முதல் ஆள் அவரவர் அம்மா.

அந்தப் பாடகர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிகழ்ச்சி எடுப்பதாகச் சொன்னீர்கள், விஜிலா மேடம். விவரம் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மதுரைப் பையன் துபாயில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். லிஃப்டுக்குள் நின்று பாடி வீடியோ போடுகிறான். எதிரொலி நன்றாக இருக்கிறது. ஈரோட்டுப் பெண் ஒரு படத்துக்குப் பாடினாள். படம் வெளிவரவில்லை, ஆனால் வெற்றிவிழா நடத்தினார்கள். இரட்டையர்களில் அண்ணன் பாட்டை விட்டுவிட்டான். தம்பி இரண்டு பேர் பெயரிலும் பாடிக்கொண்டிருக்கிறான்.

பட்டம் வாங்கிய ரெனிஷ் மட்டும் ஏன் போனை எடுப்பதில்லை, எழுத்தில் மட்டும் ஏன் பதில் போடுகிறான் என்று கேட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் பெயர் பொன்னுதுரை. வயது எழுபத்திரண்டு. முத்தையாபுரத்தில் நாற்பது வருஷமாக மைக்செட் வைத்திருக்கிறேன். என் குழாய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கேட்டுத் துறைமுகம் வந்துவிட்டதென்று நினைத்து ஒரு கப்பல் நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டதாகச் சொல்வார்கள். சொல்வது நான்தான்.

ஜெபசுதா எங்கள் தெருப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். போட்டிக்குப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் இறுதிச் சுற்றுக்கு வந்ததும் ஆட்டோவில் குழாயைக் கட்டி மூன்று நாள் அவளுக்கு ஓட்டுக் கேட்டேன். தேர்தலில் நின்றவர்களுக்குக்கூட நான் அப்படி மனசு வைத்துக் கத்தியதில்லை. அந்த மூன்று நாளும் மீன்காரப் பெண்கள் "ஜெபாவுக்கு ஓட்டுப் போட்டாச்சா" என்று கேட்டுவிட்டுத்தான் சாளையை நிறுத்துப் போட்டார்கள்.

இறுதிச் சுற்றில் அவளும் ரெனிஷும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். சுருதியை அரைக் கட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். ரெனிஷ் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைப் பையன். வள்ளத்திலிருந்து கரைக்குக் கூப்பிட்டே வளர்ந்த குரல். அரைக் கட்டை அவனுக்கு விளையாட்டு. சரணத்தின் உச்சியில் ஜெபசுதாவின் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து அந்த வரியை அவன் எடுத்துப் பாடி முடித்தான். நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பட்டம் அவனுக்குப் போயிற்று.

எங்கள் தெருவில் திரை கட்டி முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். சவுண்ட் என்னுடையது. அவள் குரல் உடைந்ததை முத்தையாபுரம் முழுக்கக் கேட்கும்படி வைத்திருந்தவன் நான். யாராவது அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

அவள் ஊருக்கு வந்து ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். பாடவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன்.

"ஏளா, கோயில்லயாவது ஒரு பாட்டுப் பாடலாம்லா?"

"நேரம் எங்க தாத்தா இருக்கு? கண்டெய்னர் லிஸ்ட் அடிச்சி முடிக்கவே விடிஞ்சி அடஞ்சி போவுது."

"அவன் உன் வரியப் புடுங்கிட்டாம்லா. அந்த வருத்தம்."

"யாரு புடுங்குனா? ஊரே மறந்திட்டு. நீங்க ஒருத்தருதான் இன்னும் அதயே கெட்டிக்கிட்டு அழுதிய."

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். துக்கத்தை மறைக்கச் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது.

ரெனிஷ் முதல் வருஷம் சிங்கப்பூர் போனான், இரண்டு படத்தில் பாடினான். அடுத்த வருஷம் நீங்கள் வேறு ஒருவனுக்குப் பட்டம் கொடுத்தீர்கள். அதன் பிறகு இவன் திருவிழா மேடைகளுக்கு வந்துவிட்டான். அதாவது, என்னிடம் வந்துவிட்டான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் கொடையோ மாதா திருவிழாவோ, பாட வருகிறவனைக் கமிட்டி வருஷத்துக்கு வருஷம் மாற்றும், மைக்செட்டை மாற்றாது. அப்பா காலத்தில் கட்டியவன்தான் மகன் காலத்திலும் கட்டுவான். பாடுகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் ஆளை அழைத்து வந்து என் மிக்ஸரில் கை வைக்க முடியாது. உவரியிலிருந்து வேம்பார் வரை பதினெட்டு ஊர் எனக்கு.

மேடையில் நிற்கிறவனுக்கு வெளியே போகும் சத்தம் சரியாகக் கேட்காது. அதனால் அவன் காலடியில், அவனைப் பார்த்து ஒரு பெட்டி வைப்போம். மானிட்டர் என்பது அதன் பெயர். தன் குரலை அவன் கேட்பது அதில்தான். அதைக் குறைத்துவிட்டால், குரல் போதவில்லை என்று நினைத்து அழுத்துவான். அழுத்துகிறோம் என்று அவனுக்கே தெரியாது. கூட்டத்துக்கும் தெரியாது, வெளிச் சத்தம் எப்போதும்போல் அருமையாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மிக்ஸரில் ஒரு குமிழ் எதனோடும் சேராமல் சும்மா இருக்கும். கமிட்டித் தலைவர் வந்து "அண்ணாச்சி, எக்கோ காணாது, கூட்டுங்க" என்பார். அந்தக் குமிழைத் திருப்புவேன். "இப்பம்லா சவுண்டு" என்று சொல்லிவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு போவார். அதற்குக் கமிட்டிக் குமிழ் என்று பெயர். நாற்பது வருஷத்தில் அதைத் திருப்பித்தான் அதிகம் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

ரெனிஷ் முதலில் வந்தது ஒரு மாதா திருவிழாவுக்கு. மேடைக்குப் பின்னால் கடல், ஏழு மணிக் காற்று. இரண்டாவது பாட்டிலேயே என்னைப் பார்த்து விரலை மேலே காட்டினான்.

"அண்ணாச்சி, எனக்க சத்தம் எனக்கே கேக்கல்ல."

மானிட்டரைக் குறைத்து வைத்திருந்தது மறதியாகத்தான் இருக்கும். நான் கமிட்டிக் குமிழைத் திருப்பினேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு கட்டைவிரலை உயர்த்தினான். பட்டம் வாங்கிய காதும் கமிட்டித் தலைவர் காதும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கச்சேரி முடிந்து அவனுக்குச் சுக்குக் காபி கொடுத்தேன்.

"வெளிய சவுண்டு எப்டி அண்ணாச்சி?"

"ஏலே, தேன்லா."

அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நல்ல பையன். அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அதற்குப் பிறகு எல்லாக் கமிட்டிக்கும் நானே அவனைச் சிபாரிசு செய்தேன். "பட்டம் வாங்குன பையன், விட்றாதீங்க" என்பேன். பதினெட்டு ஊரும் கூப்பிட்டது. "அண்ணாச்சிதான் எனக்குச் சோறு போடுதது" என்று மேடையிலேயே சொன்னான். ரெனிஷுக்குப் பெரிய ரசிகர் யாரென்று இந்தக் கரையில் கேட்டால் இன்றைக்கும் என்னைத்தான் காட்டுவார்கள். அதில் பொய் இல்லை. அவன் குரலை என்னைப்போல் கவனித்துக் கேட்டவர்கள் யாரும் கிடையாது.

ஒவ்வொரு மேடைக்கும் ஒரு மயிரிழைதான் குறைப்பேன். ஆத்திரப்பட்டால் தெரிந்துவிடும். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு எழுதி மேடைக்குப் பாட்டுக் கேட்டு அனுப்புவார்கள் இல்லையா, அதில் மூன்று சீட்டு என்னுடையது. ஒன்று வலது கையால், ஒன்று இடது கையால், ஒன்று கண்ணை மூடிக்கொண்டு. "சவூதியில் இருக்கும் என் கணவருக்காக, ஆறுமுகநேரி அமுதா." எல்லாச் சீட்டிலும் ஒரே பாட்டு, அந்த இறுதிச் சுற்றுப் பாட்டு. மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் பாடுவான். இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

நடுவில் கொரோனா வந்து இரண்டு வருஷம் திருவிழா இல்லை. அவன் வீட்டிலிருந்து பாடிப் போட்ட வீடியோவைக் கேட்டேன். குரல் ஓய்வெடுத்துப் பழையபடி ஆகியிருந்தது. அதுவரை செய்ததெல்லாம் உப்பளத்தில் மழை பெய்த மாதிரி கரைந்துபோயிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தேன். பொறுமை இல்லாதவனுக்கு மைக்செட் தொழில் ஆகாது.

போன ஆவணியில் ஒரு அம்மன் கொடைக்கு வந்தான். அது அவனுக்கும் எனக்கும் நாற்பத்தோராவது மேடை. சரணத்தின் உச்சியில், அதே வரியில், அவன் குரல் உடைந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, துணி கிழிகிற மாதிரி. வாயைத் துடைத்தபோது கைக்குட்டையில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. அந்த வரியை எடுத்துப் பாட மேடையில் யாரும் இல்லை. மிச்சத்தை நான் மனதுக்குள் பாடி முடித்தேன்.

குரல் நரம்பில் ரத்தம் கட்டி, ஆறி, திரும்பக் கட்டித் தழும்பாகிவிட்டது என்றாராம் டாக்டர். பார்க்கப் போனேன். "நீங்க ஒராளுதான் வந்திய அண்ணாச்சி" என்று அவன் மனைவி நாற்காலி போட்டாள். ரெனிஷ் போனில் எழுதிக் காட்டினான். "எனக்க தப்புதான் அண்ணாச்சி. கத்திக் கத்திப் பாடிப் பழகிட்டேன்." இல்லை என்று நான் சொல்லவில்லை.

மூன்று வயசில் மகள் இருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வாசலைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போயிற்று. ரெனிஷ் கையைத் தட்டினான். விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளையும் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. தட்டிக்கொண்டே பின்னால் நடந்தது. ரோட்டில் மீன் வண்டி வந்துகொண்டிருந்தது. நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். எனக்குக் குரல் நல்ல கனம்.

இதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். போன பங்குனியில் ஜெபசுதா என் கடைக்கு வந்தாள்.

"தாத்தா, ஞாயித்துக்கிழம சாயந்திரம் கல்யாண மண்டபத்துல கச்சேரி. சவுண்டு நீங்கதான்."

"யாரு பாடுதா?"

"நாந்தான். ரெனிஷ் அண்ணன் வைத்தியத்துக்கு. அவருக்குப் பாடாம வேற யாருக்குப் பாட?"

"உன் வரியப் புடுங்குனவனுக்கா?"

"ஐயோ தாத்தா. அன்னைக்குச் சுதிய ஏத்தச் சொன்னதே நாந்தான். எனக்குக் கொழுப்பு. வேண்டாம் ஜெபா, வேண்டாம் ஜெபான்னு அவரு தலப்பாடா அடிச்சிக்கிட்டாரு. ஒடஞ்சி நின்னப்பம் அவரு எடுத்துப் பாடலன்னா நான் அங்கனயே செத்திருப்பேன்."

கொஞ்ச நேரம் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இத ஏன் என்கிட்ட இத்தன வருசமா சொல்லல?"

"நீங்க எப்பம் கேட்டிய?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லைதான். ஆனால் எட்டு வருஷம் ஒரு பெண் இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்தால் கேட்கிறவன் என்ன செய்வான். அவள் அன்றைக்கே பஸ் ஸ்டாப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெனிஷ் இன்று பாடிக்கொண்டிருப்பான். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. யார் பொறுப்பு என்று பார்த்தால் கணக்கு அவளிடம்தான் போய் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. அவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். ரெனிஷுக்கு இரண்டு தடவை. அப்பாவுக்கு, பங்குச் சாமியாருக்கு, நாற்காலி இறக்கிய ஆளுக்கு. ஆட்டோவில் குழாய் கட்டியவனை மறந்துவிட்டாள். சின்னப் பெண், மேடையில் பதற்றம் இருக்கும். நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு பாடினாள். எட்டு வருஷம் சும்மா வைத்திருந்த குரல், ஒரு கீறல் இல்லை. முன்வரிசையில் ரெனிஷ் அழுதுகொண்டிருந்தான். மூன்றாவது பாட்டில் என்னைப் பார்த்து விரலை மேலே காட்டினாள்.

"தாத்தா, எனக்கு ஒண்ணுமே கேக்கல."

தலையாட்டிவிட்டுக் கமிட்டிக் குமிழைத் திருப்பினேன். அவள் சிரித்துக் கட்டைவிரலைக் காட்டினாள்.

அந்த வீடியோ பரவியதில் ஊர் ஊராக அவளைக் கூப்பிடுகிறார்கள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். இதுவரை ஒன்பது மேடை. ஒன்பதும் என் ஊர்கள். ரெனிஷுக்கு நாற்பத்தொன்று ஆயிற்று. இவளுக்கு அவ்வளவு ஆகாது, குரல் மெல்லிசு.