ஏழு நாளும் அதே ரெண்டு பை

— திரும்பச் சொல்லுக்கா. ரெண்டு பை ரத்தம் எப்படிப் பதினாலு ஆச்சு?

— நான்தான்டா ஆக்கினேன். ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு வார ரிப்போர்ட் எழுதுறது நான். ஃபாக்ட் டேபிள்னு தினக் கணக்கு அட்டவணை, அதுல ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு நாளைக்கு ஒரு வரி. அன்னிக்கு எத்தனை பை வெளிய போச்சு, சாயங்காலம் எத்தனை இருப்பு. போனதை வாரம் முழுக்கக் கூட்டலாம். இருப்பைக் கூட்டவே கூடாது. நான் ரெண்டுக்கும் ஒரே கூட்டலைப் போட்டுத் தொலைச்சேன்.

— இருப்பை மட்டும் ஏன் கூட்டக்கூடாது?

— திங்கக்கிழமை ஃப்ரிட்ஜ்ல இருந்த அதே ரெண்டு பைதானே செவ்வாய்க்கிழமையும் இருக்கும்? இந்த வீட்ல நாம ரெண்டு பேரு. தினமும் எண்ணி வாரக் கடைசியில கூட்டினா பதினாலு பேரா?

— பதினாலு பேருக்கு நீ சமைச்ச மாதிரிதான்.

— வேணாம் தம்பி. பிரசவத்துக்கு வந்த பொண்ணு செத்துப்போயிடுச்சு. அரிதான குரூப், சனிக்கிழமை மூணு பை கேட்டிருக்காங்க. திறந்தா ரெண்டுதான் இருக்கு.

— பச்சைப் புள்ள?

— இருக்கு. அப்பன்காரன் கையில.

— உன்னைக் கேட்டாங்களாக்கா?

— இதுல இன்னொரு கொடுமை. பன்னெண்டு பை எங்கேன்னு ஃப்ரிட்ஜ் பாத்துக்கிற அண்ணனைப் பிடிச்சுக்கிட்டாங்க. வெளிய வித்துட்டாராம். இல்லாத பையை அந்த மனுஷன் எங்கேருந்து கொண்டுவருவாரு?

— நீ வாயைத் திறந்தியா?

— திறக்கலடா. நாளைக்கு விசாரணை. சொல்லிடணும்னுதான் இருக்கேன். வேலை போகும். ஜெயில்னாலும் ஜெயில்தான்.

— சொல்லிடுக்கா. அவர் பாவம்.

— சொல்றேன். ஒண்ணே ஒண்ணை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன். ரிப்போர்ட்ல ரெண்டுன்னு சரியாவே வந்திருந்தாலும் அந்த மூணாவது பைக்கு யார் இருக்கா? அந்த குரூப் ஊருக்கே விரல்விட்டு எண்ணுற அளவுதான். உனக்கு அதே குரூப், இருந்து என்ன? ஊசியைப் பாத்தாலே மயங்கி விழுற ஆளு. ஏன் அப்படிப் பாக்குறே?

— ஒரு தடவையாவது குடுத்துடலாம்னு, உன்கிட்டகூடச் சொல்லாம அந்த வாரம் புதன்கிழமை போனேன்க்கா. கையை நீட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். கவுன்டர்ல கம்ப்யூட்டர்ல வார ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, உங்க குரூப்ல பதினாலு பை இருக்கு, அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க.