மாயாற்றில் மாட்டிய வலை

மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம். காய்ந்த மூங்கில் வெடித்ததுபோல. உடனே எதிர்க்கரையிலிருந்து ஐந்தாறு.

"படு அம்மணி! தலையத் தூக்காத!"

கத்துகிறவர் என் வீட்டுக்காரர் மாதப்பன். பரிசலுக்குள் குப்புற விழுகிறேன். எனக்கு அடியில் நனைந்த வலை. அதில் உயிரோடு கெளுத்தி மீன்கள். ஒன்றின் முள் தொடையில் ஏறுகிறது. தேள் கொட்டியதுபோலக் கடுக்கிறது. சேலையை வாயில் திணித்துக்கொள்கிறேன். துடுப்புப் போடாத பரிசல் சுற்றுகிறது. சத்தம் ஒருமுறை இடப்பக்கம் கேட்கிறது. ஒருமுறை வலப்பக்கம்.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. தை மாதம். சத்தியமங்கலத்துக்கு மேற்கே, மாயாறு அணைத் தண்ணீரில் சேருகிற இடம். காட்டில் ஒளிந்திருந்த ஆயுதக்காரர்களை வேறு ஆயுதக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் இறங்காதீர்கள் என்றார்கள் தேட வந்தவர்கள். எங்களுக்கு நிலம் இல்லை. பிடிப்பதில் குழம்புக்குப் போக மிச்சத்தைக் கொடுத்து ராகி வாங்குவோம். விடிந்ததும் இறங்கினோம்.

இன்னொரு பரிசலில் என் வீட்டுக்காரரின் தங்கை சின்னம்மணி. தனியாக வலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா! வலை கட்டையில மாட்டிக்கிச்சு! பரிசல் நகர மாட்டீங்குது!"

"அறுத்துப்போட்டுக் குதி கண்ணு! குதி!"

அவள் அறுக்கிறாள். அதற்குள் அவள் பரிசலில் குண்டு பாய்கிறது. தண்ணீர் பொங்குகிறது. இவர் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க! வேண்டாமுங்க!"

குதித்துவிட்டார். நீந்துகிறார். மறுபடி சத்தம். அவர் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

வெடி நின்றது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. எங்கள் பரிசலின் அடியிலும் ஓட்டை. கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். அது முழுக முழுகக் கோரைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வலையோடு அங்கேயே அமிழ்ந்துபோனது. கோரையை விலக்கிக்கொண்டு சின்னம்மணி வந்தாள். முழங்கை கிழிந்திருந்தது.

"நங்கையா, அண்ணன் எங்கீங்க?" அண்ணன் மனைவியான என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உன்னயத் தேடித்தான் வந்தாரு."

அவள் அப்படியே தண்ணீருக்குள் திரும்பினாள். முடியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வேறு எப்படித் தடுப்பது?

மறுநாள் மத்தியானம் அவர் கிடைத்தார். தோளுக்குக் கீழே குண்டு. யாருடைய குண்டு? இரண்டு பக்கமும் தங்களுடையது இல்லை என்றது.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. பிள்ளைகளைச் சின்னம்மணியிடம் விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனேன். தையல் மெஷின்கள் ஒன்றாகக் கிளம்பும்போது தரையில் படுத்துவிடுவேன். பதினைந்து நாள் தாங்கவில்லை. பவானிக்குப் போனேன். அங்கேயும் தரிக்கவில்லை. திரும்பி வந்தேன். அன்றிலிருந்து மூடிவைத்திருந்த ஆற்றில் கோடையில்தான் மறுபடி மீன்பிடிக்க விட்டார்கள். சின்னம்மணி இரவல் பரிசலில் இறங்கினாள். நான் இறங்கவில்லை. அவள் கரையேறும் வரை நடந்துகொண்டே இருப்பேன்.

போனவை இவை. என் கணவர் மாதப்பன். இரண்டு பரிசல்கள். இரண்டு வலைகள். ஆற்றை மூடிவைத்திருந்த மாதங்களில் பிள்ளைகள் வெறும் உப்போடு தின்ற களிக்குக் கிடைக்காத மீன் குழம்பு. எதிர்க்கரையில் அன்று யாராவது விழுந்தார்களா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. விழுந்திருந்தால் அவர்களும் இதில் சேர்த்தி.