தானே மேடம்

என் ஞாபகத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். தம்பி படுத்திருந்த வார்டின் ஜன்னல் திரை பச்சை நிறம் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அங்கே வேலை பார்த்த ஒருத்தியைப் பஸ்ஸில் பார்த்தபோது, அந்த வார்டுக்குத் திரையே கிடையாது, கண்ணாடிக்குத்தான் சாயம் அடித்திருந்தார்கள் என்றாள். ஆகவே நான் சொல்வதில் நிறங்களை நம்ப வேண்டாம். வார்த்தைகளை நம்பலாம். ஒருவர் சொன்ன வார்த்தை எனக்கு மறப்பதில்லை.

மேடத்தின் இடது கை எப்படி அப்படி ஆனது என்றுதானே கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பக்கவாதம் வந்தது வலது பக்கம். இடது கையை நோய் தொடவே இல்லை. அதைச் சொல்வதற்கு முன் அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்னைக் கவனக்குறைவானவள் என்று நினைத்துவிடுவீர்கள். அது மட்டும் எனக்குப் பொறுக்காது.

நான் படித்த நர்சிங் கல்லூரியில் அவர்தான் ஆசிரியை. ஆஸ்பத்திரியில் எங்களை வார்டு வார்டாக நடத்திக்கொண்டு போவதும் அவர்தான். மனிதனுக்குப் பதினான்கு அடிப்படைத் தேவைகள் உண்டு என்பதிலிருந்து அவர் பாடம் தொடங்கும். மூச்சு விடுவதில் ஆரம்பித்து, சாப்பிடுவது, நகர்வது, உடுத்துவது, பேசுவது என்று போய், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் முடியும். பலமும் மனமும் இருந்து, வழியும் தெரிந்திருந்தால் நோயாளி இவற்றைத் தானே செய்துகொள்வார். இந்த மூன்றில் எது குறைகிறதோ அதை மட்டும் நாம் நிரப்ப வேண்டும். நிரம்பியதும் ஒதுங்கிவிட வேண்டும். நர்ஸ் என்பவள் சீக்கிரம் தேவையற்றுப் போக வேண்டியவள் என்பார்.

நல்ல பாடம்தான். இப்போதும் சொல்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை.

நோயாளியின் பக்கத்தில் நாங்கள் கையை நீட்டினால் போதும், "தானே செய்யட்டும்" என்று பின்னாலிருந்து அவர் குரல் வரும். தானே குடிக்கட்டும், தானே திரும்பட்டும், தானே பொத்தான் போடட்டும். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தானே மேடம். அவர் மகள் தானே பிறந்து தானே தொட்டிலை ஆட்டிக்கொண்டு தூங்கினாள் என்று விடுதியில் ஒரு கதை உண்டு. நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனது. எனக்கு அந்த வார்டிலேயே பயிற்சி. மறுநாள் அவன் எழுந்து நடக்க வேண்டும். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, தலை சுத்துது. கையைக் குடு."

கொடுக்கப் போனேன். வார்டின் அந்தக் கோடியில் வேறொரு நோயாளியிடம் நின்றிருந்த மேடம் திரும்பிப் பார்த்தார்.

"தானே நடக்கட்டும்."

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினேன். தம்பிக்கு அது விளையாட்டாக இருந்திருக்க வேண்டும். "பெரிய டாக்டரம்மா, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா" என்றான். எழுந்தான். சில அடி நடந்தான். பக்கத்துக் கட்டிலின் இரும்புக் காலில் தலை மோத விழுந்தான். அதற்குப் பிறகு அவன் கண் விழிக்கவில்லை. உள்ளே இரத்தம் கசிந்து இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது என்றார்கள். யார் மேலும் தவறில்லை என்றார்கள். மேடம் என் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அது மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறவள் இல்லை. படிப்பை முடித்தேன். வேலை பார்த்தேன். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் எனக்குப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஆயிரம் கண்கள். ஒரு வீட்டில், ஒரு அறையில், ஒரு நோயாளியும் நானும் மட்டும் என்றால் நேரம் போவதே தெரியாது. ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, அதற்கப்புறம் நீ யாரோ நான் யாரோ என்கிற மாதிரி, குணமானதும் என்னை மறந்துவிடுவார்கள். அதுவும் எனக்குச் சம்மதம்தான்.

இப்படி ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, கட்டிலில் மேடம் படுத்திருந்தார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ நூறு பெண்களுக்குப் பாடம் எடுத்தவர். அவர் மகள் அப்போது ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்த் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, ஆனால் சீக்கிரம் தேறிவிடலாம் என்று டாக்டர் நம்பிக்கை கொடுத்திருக்கிறார். பிசியோதெரபி செய்ய ஒருவர் வருகிறார். பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்.

"எதைக் கேட்டாலும் 'தானே'ங்கறாங்க, சிஸ்டர். என்ன சொல்ல வராங்கன்னே புரியல."

எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

முதல் நாள் சூப் கொண்டுபோனபோது இடது கையை நீட்டி, "தானே" என்றார். கரண்டியைக் கொடுத்தேன். கை நடுங்கியது, மார்பில் கொஞ்சம் சிந்தியது. இரண்டாவது கரண்டி வாய்க்குப் போய்விட்டது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. படிப்படியாக எப்படித் தேறுவார் என்பது எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்தது. முதலில் கரண்டி, அப்புறம் சீப்பு, அப்புறம் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை. ஒருநாள் வாசல் கதவைத் தானே திறந்து எனக்கு விடை கொடுப்பார்.

கரண்டியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டேன். "சிந்திடுச்சு பாருங்க மேடம். நான் இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். மீதி சூப்பை நானே ஊட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அவருடைய பாடத்தில் முதல் பாதியைச் செய்தேன். இரண்டாவது பாதியை விட்டுவிட்டேன். ஒதுங்கவில்லை.

அவர் தலையைத் திருப்பும் முன்பே தலையணையைத் திருப்பி வைத்தேன். கண் ஜன்னல் பக்கம் போனால் நான் போய்த் திறந்தேன். ஒரு காலை மெல்ல நகர்த்தினால் தூக்கி வசதியாக வைத்தேன். நடைச்சட்டத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன், இடறி விழுந்துவிடப் போகிறார் என்று. கழிப்பறைக்கு நடக்க அவர் தயாராக இருந்தார். நான் படுக்கையிலேயே வசதி செய்து கொடுத்தேன். முதல் தடவை அவர் அழுதார். துடைத்துவிட்டேன். கண்ணையும்தான்.

சாயங்காலம் வரும் மகள், அம்மா சுத்தமாக, தலை வாரி, பவுடர் வாசனையோடு இருப்பதைப் பார்ப்பாள். "கண்ணை இமை காக்கற மாதிரி பாத்துக்கறீங்க சிஸ்டர்" என்பாள். இமை மூடியே இருந்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை.

பிசியோ மட்டும்தான் இடைஞ்சல். நல்ல மனிதர், வாயாடி. வரும்போதே, "என்ன மேடம், இன்னிக்கு ஓட்டப்பந்தயமா, நீளம் தாண்டலா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒருநாள் அவர் பரணிலிருந்து நடைச்சட்டத்தை எடுத்து வைத்ததும், மேடம் அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, "தானே, தானே" என்றார். பிசியோவுக்கு ஒரே சந்தோஷம். மகள் அன்று வீட்டில் இருந்தாள்.

"பாத்தீங்களா? தானே எழுந்திருக்கேங்கறாங்க" என்றார் அவர்.

நான் மேடத்தின் தோளைப் பிடித்துக்கொண்டேன். "இல்லைங்க. நாள் முழுக்கக் கூட இருக்கறவ நான். வலிக்குதுதானே, போதும்தானேங்கறாங்க. முதல் பாதி வாயில வரல, வால் மட்டும் வருது."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மேடம் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, தன்னிடமிருந்த ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அது கெஞ்சலாகத்தான் கேட்டது. மகள் கலங்கிப்போய்விட்டாள். அம்மாவை இனி வதைக்க வேண்டாம், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்று பிசியோவை அனுப்பிவிட்டாள். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் இருப்பது என் குற்றமில்லை.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இருந்தது. பலம் என்பது படுக்கையில் சீக்கிரம் கரைந்துவிடும். மனம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். "சாப்பிடலாம்தானே மேடம்? தூங்கலாம்தானே? இதுதானே வேணும்?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் உதட்டை இறுக்கிக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தார். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒருநாள், "சாப்பிடலாம்தானே?" என்று கேட்டபோது, "தானே" என்றார். சரி என்கிற அர்த்தத்தில். அந்தச் சொல் அவர் வாயிலேயே என் சொல்லாகிவிட்டது. அன்று தம்பியை நினைத்துக்கொண்டேன். போதும் என்றுகூடத் தோன்றியது.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் மகள் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு பழைய கதை பேசினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது அம்மாதானாம்.

"சீட்டைப் பிடிக்கவே மாட்டாங்க சிஸ்டர். நான் பயந்து கத்துவேன். ஆனா திரும்பிப் பாத்தா கை ஒரு சாண் தள்ளிக் கூடவே ஓடி வரும். 'தானே ஓட்டட்டும், கை ஒரு சாண்ல இருக்கட்டும்'னு மூச்சு வாங்கச் சொல்லிக்கிட்டே வருவாங்க. காலேஜ்லயும் அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்களாம். நான் விழுந்ததே இல்ல."

நான் அப்படியா என்றேன். கையிலிருந்த தட்டைக் கழுவி வைத்தேன்.

கை ஒரு சாணில் இருக்கட்டும். வகுப்பில் விரல்களை விரித்துக் காட்டி அவர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். நாங்கள் பட்டப்பெயருக்கு முதல் வார்த்தையை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். அன்று வார்டின் அந்தக் கோடியிலிருந்தும் மீதியைச் சொன்னாரா? சொல்லியிருக்கலாம். என் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அப்படிக் கட்டிக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, மேடத்தின் இடது கையைப் போர்வைக்குள் வைத்து, விளிம்பைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகினேன்.

ஆமாம், அதற்குப் பிறகுதான். அதற்கு முன் அந்தக் கையை நான் ஒன்றும் செய்யவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் விரல்களை அவர் விரித்து மடக்கிக்கொண்டிருப்பார், நானும் விட்டுவிடுவேன். இப்போது மகள் வரும் நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்து வைத்தேன், மீதி நேரம் உள்ளே. குளிருக்கு என்று சொன்னேன். வெயில் காலத்திலும் அப்படித்தான் சொன்னேன். மாதக்கணக்கில் நடந்தது. விரல்கள் உள்ளே மடங்கின. மணிக்கட்டு இறுகியது. மகள் கேட்டபோது, இந்த நோயின் போக்கு அப்படி என்றேன், நம்பினாள். அசையாத கை அப்படித்தான் ஆகும் என்பது முதல் வருடப் பாடம். அவரே நடத்தியது.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். நிறுத்தியிருந்தால், அன்று தம்பிக்கு ஒரு சாணில் இருந்திருக்க வேண்டிய கை யாருடையது என்ற கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வியோடு அந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தாக வேண்டும். அவர்தான் அங்கே படுத்திருந்தார்.

பிசியோ ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர் சும்மா எட்டிப் பார்த்தார். மேடத்தின் இடது பக்கம் நின்று ஒரு கரண்டியை நீட்டினார். மேடம் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடி வாயைத் திறந்தார், கூட்டுக்குஞ்சு போல. பிசியோ போர்வையை விலக்கினார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார், நீளவில்லை. என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார்.

செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். பழி வாங்கத்தான் செய்தேன். யார் மேல் என்பதில்தான் கொஞ்சம் குழப்பம், அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

மகள் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருக்கிறாள். பிசியோ தினமும் போகிறார். அந்தக் கை இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடம் இப்போது எந்த வார்த்தையும் சொல்வதில்லை. என் தம்பியின் படத்தை என் அம்மா தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், என்னைப் பார்க்க வருவதில்லை. நான் இனி நர்ஸ் இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. மேடத்தைத் திருப்பி முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு மாதம் படுத்த படுக்கையாக இருந்தும் ஒரு புண் கிடையாது. வேறு ஒருத்தி இப்படிப் பார்த்திருப்பாளா?