உண்டியல் காசில் பிரியாணி

"உண்டியல் காசுல நான் பிரியாணி துன்றேன்னு சொல்றியா?" என்று ஒரு பெண் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது. சைதாப்பேட்டையிலிருந்து பெசன்ட் நகர் போகிற பஸ். முன் சீட்டில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். நான் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டேன்.

கேட்டவள் பெயர் ஸ்டெல்லா. கண் தெரியாத பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதித் தருகிற மாணவர் குழுவை நடத்துகிறாள். உண்டியல் வசூலில் நடக்கிற ஒரு டிரஸ்ட் அதற்காக அவளுக்கு மாதச் சம்பளம் தருவதாகச் சொல்லியிருக்கிறதாம். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"எழுதறவங்க யாரும் காசு வாங்கல. நீ மட்டும் வாங்கலாமாடி? அது தர்மக் காசு" என்றாள் தோழி.

"வாங்கலன்னா சாயங்காலம் தி. நகர் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போவணும் மல்லிகா. அப்புறம் குழுவை யாரு பார்ப்பா?"

அப்போது ஸ்டெல்லாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"நாளைக்கு செல்வத்துக்கு எழுத வேண்டியவளுக்குக் காய்ச்சலாம். ஹிஸ்டரி பரீட்சைடி."

அடையாறு வரும்வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பக்கத்தில் திரும்பினாள்.

"மல்லி, உனக்கு ஹிஸ்டரி தெரியுமா?"

"சுத்தமா தெரியாது."

"அப்ப நீதான் சரி. பாடம் தெரிஞ்சவங்க எழுதக் கூடாதுன்னு ரூல் கீது."

மல்லிகா சிரித்துவிட்டாள். "எழுதறேன். எனக்குக் காசு வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து, "நீ அந்தச் சம்பளத்தை வாங்கிக்கடி. இத்தினி பேர்கிட்ட கெஞ்ச என்னால ஆவாது" என்றாள்.