சுத்தாத காத்தாடி

— கிட்ட வராதளா... அங்கனயே நில்லு. ரேடியேட்டர் மூடியத் தொறந்தா ஆவி மூஞ்சியில அடிக்கும்.

— ஒன் துண்டைத் தரத்தாண்ணே வந்தேன். வெறுங்கையாலயா தொறக்கப் போற?

— குடு... யம்மா! சவம், என்னமாக் கொதிக்கி பாரு.

— உள்ள தண்ணியே இல்லையா?

— எல்லாம் ஆவியாப் போச்சு. தூத்துக்குடி தாண்டி முள்ளக்காட்டுலதான் ரொப்புனேன். பழையகாயல் வரதுக்குள்ள இந்தக் கூத்து.

— உப்பளத்து முதலாளிக்குத் தெரிஞ்சா ஒன்ன ஏசுவாருல்லா?

— ஏசுவாரு... அவரு கல்யாணத்துக்கு வாங்குன காரு. மகனுக்கே மீசை மொளைச்சிட்டு. இதை இன்னும் ஓட்டுதேன்லா, என்னத்தான் கும்பிடணும். இரு, இஞ்சினைக் கெளப்புதேன். எட்டி நின்னு காத்தாடி சுத்துதான்னு மட்டும் சொல்லு... என்ன, சுத்துதா?

— சுத்தல.

— கொஞ்சங்கூடவா?

— தூங்குத ஆளு தலையாட்டுத மாதிரி ஒரு ஆட்டு ஆடுது. பெறவு நிக்கி.

— சரி, அணைச்சுட்டேன். கையால தள்ளிப் பாக்கேன்... இந்தா, வழுவழுன்னு சுத்துதே! காத்தாடி மேல குத்தமில்ல. பெல்ட்டுதான் வழுக்குது. எண்ணெய்ல ஊறிக் கெடக்கு.

— தொடைச்சா ஓடுமா?

— ஓடும். தொடைச்சு, கொஞ்சம் இழுத்து வச்சா... அட மூதி!

— என்னண்ணே?

— கையோட வந்துட்டு. அறுந்தே போச்சு.

— அப்பம்... இன்னைக்கு ஏரலுக்குப் போக முடியாதா?

— ஏம் முடியாது? மாத்து பெல்ட்டு பின் சீட்டுக்கு அடியில இருக்கும். எடு.

— இங்கன ஒரு சாக்கும் ஸ்பேனருந்தான் கெடக்கு.

— நல்லாப் பாருளா.

— நீயே வந்து பாரேன். நான் என்ன முழுங்கிட்டேனா?

— எவன் எடுத்தானோ... சண்டை நடக்குத காலத்துல பெல்ட்டு மதுரையிலயே கெடைக்கலங்கான்.

— அதுக்கு எம்மேல ஏன் எரிஞ்சு விழுத?

— ஓம்மேல இல்ல... வெயிலு. வெளக்கு வைக்கதுக்குள்ள ஒன்னப் புருசன் வீட்டுல கொண்டு விடலன்னா மச்சான் என்ன சொல்லி விட்டிருக்காரு? ஞாபகம் இருக்குல்லா?

— இன்னைக்கு வரலன்னா இனி வாசப்படி மிதிக்க வேண்டாம்னு. நல்லா ஞாபகம் இருக்கு.

— பெறவு?

— பெறவு என்ன... கரியில ஓடுத பஸ் வரும். ஏத்தி விடு. நான் போயிக்கிடுதேன்.

— தனியாவா? கோவிச்சுட்டு வந்தவள அண்ணன்காரன் வாழைத்தாரும் பணியாரப் பெட்டியுமா கூட்டிட்டுப் போயி, அவன்தான் முன்னால படியேறணும். தனியாப் போனா ஒன் மாமியா வாசல்லயே நிக்க வச்சு வறுத்து எடுத்துருவா.

— அதுவும் சரிதான்...

— ஏளா, வாழைத்தாரு! அதைக் கட்டியிருக்க பனநாரை அவுறு.

— எதுக்கு?

— முறுக்கிப் போட்டா பெல்ட்டுக்கு ஆகும். ஏரல் வரைக்கும் இழுத்துரும்.

— எப்படியாவது என்னக் கொண்டு தள்ளிரணும் ஒனக்கு.

— ஆமா. வீட்டுல நீ திங்கித சோத்துக்கு ஒரு அளமே வாங்கணும்லா.

— சிரிக்காதண்ணே... பொண்ணு வீட்டுல சொன்னது நெசந்தானே? நாத்துனாக்காரி வாழாவெட்டியா வீட்டுல இருந்தா செல்லத்தாய ஒனக்கு எப்படித் தருவாவ?

— இதை யாரு ஒங்கிட்ட சொன்னா?

— நம்மளப் பெத்த ஐயாதான். அதான் நானே போறேம்னு சொன்னேன்.

— ம்... இந்தா, நாரோட இந்த முனையப் பிடி. இன்னும் இறுக்கி... ரவுக்கைக் கையை மேல ஏத்திக்களா. எண்ணெய் படுது.

— பட்டாப் படட்டும்.

— இந்த வெக்கையில எவளாவது மணிக்கட்டு வரைக்கும் ரவுக்கை போடுவாளா?

— இப்பம் இதான் நாகரிகம். ஒனக்கு என்ன தெரியும்... நீ வேலையப் பாரு.

— பாக்கேன், பாக்கேன்... அப்பாடா, முடிச்சு விழுந்துட்டு. இஞ்சினும் ஆறிட்டு. இனி தண்ணிதான். வாளியத் தூக்கிட்டுப் போ. அந்த வேலமரத்துக்கு அங்கிட்டு கெணறு இருக்கு, நல்ல தண்ணி. நான் அடியில படுத்து நாரு எங்கயும் உரசுதான்னு பாக்கேன்.

— சரிண்ணே...

— ஏளா... வந்துட்டியா?

— வந்துட்டேன். ஊத்தியும் ஆச்சு.

— அதுக்குள்ளயா? கெணறு அம்புட்டு தூரத்துல கெடக்கு... எங்கன மோந்த?

— கெணத்துலதான்.

— வாளியக் காட்டு... த்தூ! உப்பு! அளத்து வாய்க்காத் தண்ணியவா ஊத்துன?

— தெரியாம...

— அளத்துல பெறந்தவளுக்கா தெரியாது? காலை வச்ச ஒடனே எந்தத் தண்ணி எதுன்னு சொல்லுவியே! உப்புத் தண்ணி இஞ்சினையே அரிச்சுத் தின்னுரும்னு ஒங்கிட்ட சொல்லியிருக்கேன்லா?

— வாளியக் குடுண்ணே, மாத்தி மோந்துட்டு வாரேன்.

— முத்துக்கனி.

— போகணும்னுதாண்ணே வந்தேன். கெணத்தைப் பாத்துத்தான் நடந்தேன்... காலு வாய்க்காப் பக்கம் திரும்பிட்டு. இந்தக் காரு கெளம்பவே கூடாதுன்னு இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்குண்ணே.

— கையக் காட்டு.

— வேண்டாம்.

— காட்டுளா.

— பாத்துட்டு ஐயாட்ட சொல்லிராத... கருப்பட்டி காச்சுத கரண்டி. அடுப்புல இருந்து எடுத்த சூட்டோட வச்சாவ.

— மச்சானா?

— ம்... ஒரு தடவ இல்லண்ணே.

— ரேடியேட்டருக்கு அடியில ஒரு திருகு இருக்கு. அதைத் தொறந்து உப்புத் தண்ணி அம்புட்டையும் வடிய விடு. நான் போயி நல்ல தண்ணி கொண்டாரேன், கெளம்புவோம்.

— ஏரலுக்கா?

— வீட்டுக்கு.

— செல்லத்தாயி வீட்டுல...?

— அவிய பொண்ண அவியளே வச்சுக்கிடட்டும்.

— அப்படிச் சொல்லாதண்ணே. ஆசப்பட்டவ...

— ஆசப்பட்டவ வருவா. வராட்டிப் போறா. நீ அழாம திருகத் தொற.

— தொறக்கேன்... ஆனா இந்த நாரு வீடு வரைக்கும் தாங்குமா? அண்ணே, உப்புத் தண்ணி ஊத்துனது நாந்தான். ஆனா அந்த மாத்து பெல்ட்ட நான் எடுக்கல. ஐயா மேல சத்தியமா எடுக்கல.

— தெரியும். காலையில அந்த முழுக்கை ரவுக்கையோட நீ காருல ஏறினப்பமே அதை எடுத்து என் இடுப்புல சுத்திக்கிட்டேன். பழசு ஏரல் போயிச் சேராதுன்னும் தெரியும்... நீயா வாயத் தொறந்து சொல்லணும்னுதான் இம்புட்டு நேரம் நாரு முறுக்கினேன்.