முழுக் கிலோ எந்திரமும் என் தம்பியும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, நாற்காலி நிறைய அமர்ந்திருக்கும் கிடங்கு மேலாளர் அவர்களே! சிரிக்காதீர்கள்... சரி, ஐயாவே சிரிக்கிறார், சிரியுங்கள். பார்சல் சுமந்து தோள் தேய்ந்த மூத்த தொழிலாளர்களே! வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு விழாவுக்கு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் பெருமக்களே! எடைப் பிரிவு எழுத்தராகிய என் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக.

நம் சங்கத்தின் எடைக் குறைப்புப் போட்டியைத் தொடங்கி வைக்க அழைத்தீர்கள். வந்தேன். மேடையேறினேன். முதுகுக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் படித்தேன். ‘முப்பதே நாளில் இருபது கிலோ!’ படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டு எழுதினீர்கள்? எந்த மருத்துவர் சொன்னார்? பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாரத்தை, காலையில் கட்டி மாலையில் லாரி ஏற்ற இது என்ன பார்சலா?

“அக்கா, வாழ்த்திட்டு விடுங்கக்கா!” என்று அங்கே ஒரு குரல் வருகிறது. வாழ்த்துகிறேன் தம்பி. அதற்கு முன் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன்.

என் உடன்பிறந்த தம்பியை உங்களுக்குத் தெரியும், மூன்றாம் வாசலில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் உங்களுக்குத் தெரியும். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று அவன் முன்னால் வந்து நின்றான். பரிசோதனை எல்லாம் பொருந்தியது. மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “எட்டு கிலோ கொறைச்சிட்டு வாங்க. ஆறு மாசம் எடுத்துக்கோங்க. மெதுவா கொறைங்க.” அந்த ‘மெதுவா’ மட்டும் அவன் காதில் ஏறவே இல்லை. “ஆறு மாசமா? அதுவரைக்கும் அக்கா ஊசி குத்திக்கிட்டே கெடக்கணுமா? ஒரே மாசத்துல முடிக்கிறேன் பாரு!” என்று கிளம்பினான். பாசம்தான், யார் இல்லை என்றது? பாசத்துக்குப் பைத்தியம் பிடித்தால் என்ன செய்வது?

எதில் எடை பார்த்தான்? நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். பார்சல் எந்திரத்தில் ஏறி நிற்பது, அது துப்பும் சீட்டைக் கிழித்து அலமாரிக் கதவில் ஒட்டுவது. முதல் நாள் சீட்டில் தொண்ணூற்றிரண்டு. ஒரு வாரம் உணவைக் குறைத்தான், நடந்தான், படியேறினான். சீட்டில் தொண்ணூற்றிரண்டு! இன்னொரு வாரம் வியர்வை வடிய நடந்தான். அப்போதும் அதே தொண்ணூற்றிரண்டு! சீட்டை என் மேசையில் எறிந்தான். “இம்புட்டு செஞ்சும் ஒண்ணும் ஆகல. இனிமே வெறும் தண்ணிதான்.” நான் என்ன சொன்னேன்? நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சரி, பாத்துக்கோடா” என்றேன்.

மூன்றாம் நாள் ஓடுகிற வண்டியிலேயே மயங்கினான். அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்தன. யார் மேலும் விழாதது நாம் செய்த புண்ணியம். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தான்.

அவன் விழுந்த மறுநாள் எந்திரத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். முதல் நாள் தொண்ணூற்றொரு கிலோ தொள்ளாயிரம் கிராம். இரண்டு வாரம் கழித்துத் தொண்ணூற்றொரு கிலோ நூறு. எண்ணூறு கிராம் குறைத்திருந்தான் பிள்ளை! சீட்டில் ஏன் வரவில்லை? சரக்குக் கட்டணம் முழுக் கிலோவுக்குத்தானே! தொண்ணூற்றொன்றைத் துளி தாண்டினாலும் தொண்ணூற்றிரண்டு என்றே அது அடிக்கும். அப்படி அமைத்தது யார்? நான்! பதினொரு வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நான்! என் தம்பியைப் பார்சலாக எடைபோட்டு, அவன் பட்ட பாட்டையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கியவளும் நான்தான். உங்கள் மேல் மட்டும் எரிந்து விழுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

இப்போது கிராம் காட்டும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். வாரத்தில் ஒரே நாள், திங்கட்கிழமை, வெறும் வயிற்றோடு, பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறுகிறான். எடை கூடினாலும் எழுது, குறைந்தாலும் எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் இருநூறு கிராம் கூடிவிட்டது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இத எழுதணுமாக்கா?” என்றான். “எழுதுடா. மறைச்சா கொறைஞ்சிடுமா?” என்றேன். எழுதினான். நான்கு மாதத்தில் நாலரைக் கிலோ போயிருக்கிறது. இன்னும் மூன்றரை இருக்கிறது. ஆறு மாதம் ஏழாகலாம், எட்டாகலாம்; ஆகட்டும் என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

“வாரத்துக்கு முந்நூறு கிராமா? அதெல்லாம் ஒரு கணக்காக்கா?” என்று நேற்றுகூட இந்தச் சபையில் இருக்கும் ஒருவர் கேட்டார். பெயர் சொல்லமாட்டேன், அவரே தலையைக் குனிந்துவிட்டார்.

ஐயா, வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் குழாய் மாட்டிக்கொண்டு கிடக்கிறவள் நான். அவசரப்பட இந்த மண்டபத்தில் ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அது எனக்குத்தான். நான் அவசரப்படவில்லை. உங்களுக்கு என்ன அவசரம்? யார் உங்களைத் துரத்துகிறார்கள்? கிராம்தானே என்று கேலி பேசுகிறீர்களே, என் தம்பி எனக்குத் தரப்போகும் சிறுநீரகம் எவ்வளவு எடை இருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். ஏறக்குறைய நூற்றைம்பது கிராமாம். அவ்வளவுதான். அந்த நூற்றைம்பது கிராமில்தான் நான் பிழைக்கப் போகிறேன்.

என் கோபத்தையும் பொறுத்து, கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டி, கண்ணைத் துடைக்க வேண்டிய இடத்தில் துடைத்துக்கொண்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. போட்டி இப்போது தொடங்குகிறது. மெதுவாக வாருங்கள், அனைவருக்கும் வணக்கம்!